சவுக்குத் தோப்பில் கடற்கழுகுக் கூடு: வெட்டுக்கு முன் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் போக வேண்டும்?

தெற்குவாடை (நவம்பர் 20)

நாகை மாவட்டக் கடற்கரையில் ஒரு தனியார் சவுக்குத் தோப்பு. அதன் ஓரத்தில் பல வருடமாக வெட்டாமல் விட்டுவைத்த பெரிய மரம் ஒன்று. அதன் மேல் கவட்டையில் சுள்ளியால் கட்டிய பெரிய கூடு இருக்கிறது, அகலம் குத்துமதிப்பாக ஒன்றரை மீட்டர். தலையும் நெஞ்சும் வெள்ளையாகவும் முதுகு சாம்பலாகவும் உள்ள இரண்டு பெரிய பறவைகள் வந்து போகின்றன. டிசம்பர் மூன்றாம் வாரம் வெட்டு என்று வியாபாரியிடம் பேசி முடித்தாயிற்று.

இது வெண்வயிற்றுக் கடற்கழுகுதானா? கூட்டில் முட்டை இருக்கிறதா என்று மரம் ஏறாமல் எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு தூரத்தில் நிற்கலாம்? தோப்புக்காரர் நல்லவர், காரணம் சொன்னால் கேட்பார். ஆனால் தேதி சொல்லச் சொல்கிறார்.

கழிமுகம்

முதல் கேள்விக்கு மட்டும் பதில். நீங்கள் சொன்ன நிறத்தோடு அந்த அளவுக் கூடும் சேர்ந்தால் வேறு எதுவும் இல்லை, கடற்கழுகுதான். ஆனாலும் பறக்கும்போது மூன்று விஷயத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வட்டமிடும்போது இறக்கைகள் மேல்நோக்கித் தூக்கி, ஆங்கில 'வி' எழுத்து போல நிற்கும். வால் குட்டையாக, ஆப்பு வடிவில், அடிப்பக்கம் கருமையாக, நுனிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். கீழிருந்து பார்த்தால் உடலும் இறக்கையின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதியில் பறக்கும் இறகுகள் கறுப்பு. இறக்கை விரித்தால் 1.8 முதல் 2.2 மீட்டர் வரை வரும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஜோடி சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

செம்பருந்துக்கும் தலை, நெஞ்சு வெள்ளைதான். ஆனால் மற்றதெல்லாம் செங்கல் நிறம், அளவிலும் இதில் ஏறக்குறைய பாதி. விரால் அடிப்பானுக்குக் கண் வழியாகக் கறுப்புப் பட்டை ஓடும், இறக்கை ஒடுங்கி நீளமாக இருக்கும். உயரத்தில் பறக்கும்போது பலரும் ஏமாறுவது மஞ்சள்முகப் பாறுவிடம். அதற்கும் வெள்ளை உடல், கறுப்பு இறகு, ஆப்பு வால். அது இறக்கையைத் தட்டையாக வைத்துப் பறக்கும், முகம் மஞ்சள்.

இளம் பறவைதான் உண்மையான சிக்கல். உடல் பழுப்பு, தலை வெளிர், வால் அடியில் வெள்ளை, நுனிப்பக்கம் பழுப்பு. முழு வெள்ளை உடை வர ஐந்தாறு வருடம் ஆகும். நடுவில் திட்டுத்திட்டாக, எந்தப் படத்தோடும் பொருந்தாத கோலத்தில் இருக்கும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு உருவத்தை நம்புங்கள்: தூக்கிய இறக்கை, குட்டை வால், முன்னால் நன்றாக நீண்ட தலை.

பழைய நூல்களில் ஹாலியீட்டஸ் என்ற பேரினத்தில் தேடுங்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு புதிய பட்டியல்கள் இதை இக்தியோபேகாவுக்கு மாற்றியிருக்கின்றன. இரண்டும் ஒரே பறவைதான்.

புன்னை_நிழல்

மரம் ஏறவே வேண்டாம். கூட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பெரிய பறவை உட்கார்ந்திருக்கும் விதமே காட்டிக்கொடுக்கும்.

கூடு சீர்படுத்தும் கட்டத்தில் இரண்டும் சுள்ளி, பச்சைக் கொப்பு எல்லாம் தூக்கி வரும். விடியலில் இரண்டும் சேர்ந்து வாத்து கத்துவது போல உரக்கக் குரல் கொடுக்கும். நம் கிழக்குக் கரையில் அக்டோபர் தொடங்கி இதைப் பார்க்கலாம்.

முட்டை இட்டபின் சத்தம் அடங்கிவிடும். ஒன்று கூட்டுக்குள் தாழ்ந்து படுத்திருக்கும், வெளியே தலை மட்டும் தெரியும், அல்லது வால் நுனி மட்டும். பைனாகுலரில் வெறும் கூடு என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அரை மணி நேரமாவது பொறுங்கள். முட்டையைத் திருப்பிவிட எழும், அல்லது ஜோடி வந்து இடம் மாற்றிக்கொள்ளும். அடைகாப்பில் பெரும்பங்கு பெண் பறவையுடையது, ஆணும் மாற்றி உட்காரும். வழக்கமாக இரண்டு முட்டை, மங்கிய வெள்ளை. அடைகாப்பு ஆறு வாரம்.

குஞ்சு பொரித்ததும் உட்காரும் முறை மாறும். பறவை சற்று உயர்ந்து, இறக்கையை லேசாக அகற்றி உட்காரும். இரையோடு இன்னொன்று வரும். தலையைக் குனிந்து சின்னச் சின்னதாகக் கிழித்து நீட்டுவது தெரிந்தால் குஞ்சு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பின் முதல் இரண்டு மூன்று வாரம்தான் மிக ஆபத்தான காலம். வெள்ளைத் தூவி மட்டும் உள்ள குஞ்சால் தன் உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது. உச்சி வெயிலில் தாய் இறக்கையை விரித்து நிழல் கொடுத்தபடி நிற்கும். அந்த நேரத்தில் மனிதர் போய் நின்று அது எழுந்து போனால், கொஞ்ச நேர வெயிலே குஞ்சைக் கொன்றுவிடும். முட்டை என்றால் காகம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நான்கைந்து வாரத்தில் தூவிக்கு நடுவே கருமையான இறகுக் குருத்து தெரியும். பிறகு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பழகும். பொரித்த 70 முதல் 80 நாளில் பறக்கும்.

இரண்டு முட்டை பொரித்தாலும் கூட்டைவிட்டுப் பறப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முதல் முட்டை இட்டதும் அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் மூத்தது சில நாள் முந்திக்கொள்கிறது. இரையில் முதல் பங்கு அதற்கே போகும். இளையது காணாமல் போனதற்கு யாரையும் குற்றம் சொல்லித் தேட வேண்டாம்.

தூரம்: 500 மீட்டரில் தொடங்குங்கள். 20-60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் ஆடாத டிரைபாடும் இருந்தால் அங்கிருந்தே எல்லாம் தெரியும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் மணலிலிருந்து கிளம்பும் கானல் அலையில் ஸ்கோப்பில் கூடே நெளியும், ஒன்றும் பிடிபடாது.

மடவை

500 மீட்டர் என்பது நம் கடற்கரைக்கு ஒத்துவராத கணக்கு, புன்னை. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு இருக்கிறது, கீழே ஆடு மேய்கிறது, பறவை அசைவதில்லை. இவ்வளவு பெரிய வட்டம் போட்டால் கூடு இருப்பதை யாரும் வெளியே சொல்லவே மாட்டார்கள்.

புன்னை_நிழல்

நியாயமான கேள்வி. ஆனால் பழகிய நடமாட்டமும் கூட்டை நோக்கி வரும் ஆளும் பறவைக்கு ஒன்றல்ல. வலை இழுப்பவர் தினமும் அதே பாதையில் போகிறார், கூட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை, மரத்தடியில் நிற்பதில்லை. அவரை அது சகித்துக்கொள்ளும். புதிதாக ஒருவர் வந்து நின்று, மேலே பார்த்து, ஒரு நீளக் குழாயைத் திருப்பினால் அது வேறு.

டாஸ்மேனியாவில் இதே இனம் கூடு கட்டுகிறது. அங்கே மரம் வெட்டும் வேலைக்கு இனப்பெருக்க காலத்தில் 500 மீட்டர் விலக்கு, கூடு நேராகக் கண்ணில் படும் இடமென்றால் ஒரு கிலோமீட்டர் என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். நான் சொன்னது புதிதாகப் போகும் பார்வையாளருக்கு. ஊர்க்காரர் பாதையை மறிக்கச் சொல்லவில்லை.

மீட்டரைவிடப் பறவையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நின்றுவிடுங்கள். எழுந்து நின்றால் பின்வாங்குங்கள். கத்திக்கொண்டு மேலே சுற்றினால் எல்லை தாண்டியாயிற்று. வந்த வழியே உடனே வெளியேறுங்கள், ஒளிந்து உட்கார்ந்து பார்க்காதீர்கள். நீங்கள் ஒளிந்ததும் அதற்குத் தெரியும், திரும்பி வராது.

மடவை

இது ஏற்கத்தக்கது. இரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூட்டு நிலவரத்தை அதை வைத்தும் கணிக்கலாம்.

இது விரால் அடிப்பான் மாதிரி நீருக்குள் பாய்ந்து மூழ்கும் பறவை இல்லை. தாழப் பறந்து வந்து மேல்மட்டத்தில் இருப்பதைக் காலால் அள்ளிப் போகும். அதனால் மேலே திரியும் மடவை, முரல் போன்றவை அடிக்கடி மாட்டும். மூச்சுவிட மேலே வரும் கடல் பாம்பும் அப்படித்தான். சூரியனை நோக்கியோ அதற்குக் குறுக்காகவோ வரும், தன் நிழல் முன்னால் நீரில் விழாமல் இருக்க. விரலடியில் முள்முள்ளாக இருக்கும், வழுக்கும் மீன் நழுவாது. நீர்க்காகம், கடற்காகம், ஆமைக்குஞ்சு, செத்து ஒதுங்கியது என எதையும் விடாது. செம்பருந்தும் விரால் அடிப்பானும் பிடித்ததைத் துரத்திப் பிடுங்குவதும் உண்டு.

பறவை பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் தின்றுவிட்டால் கூட்டில் பசி இல்லை என்று கொள்ளலாம். மீனைக் காலில் தொங்கவிட்டு நேராகத் தோப்பை நோக்கி, ஒரு நாளில் பல முறை போனால் குஞ்சு வளர்கிறது. இதைக் கூட்டுப்பக்கமே போகாமல் கரையில் நின்றபடி எண்ணலாம். எனக்குப் பிடித்த முறை இதுதான், பறவைக்குத் தொல்லையே கிடையாது.

தெற்குவாடை (நவம்பர் 22)

பதில்களுக்கு நன்றி. கடற்கழுகுதான், வாலும் இறக்கையும் பொருந்துகிறது. கூட்டில் ஒன்று தாழப் படுத்திருக்கிறது, தலை மட்டும் தெரிகிறது. தோப்பில் தண்ணீர் பாய்ச்சுபவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் நவம்பர் 10 வாக்கில் சத்தம் அடங்கியிருக்கிறது. தோப்புக்காரர் கேட்பது: "பட்டா நிலத்தில் நான் வைத்த மரம், சட்டம் தடுக்குமா? எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?"

அலைவாய்க்கரை

நிலம் யாருடையதாக இருந்தாலும் பறவைக்குச் சட்டம் ஒன்றுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பது கொல்வது மட்டுமல்ல, பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதற்குள் அடங்கும். பிரிவு 2(16) பாருங்கள். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். வெட்டும் வியாபாரிக்கும் இது தெரிய வேண்டும், கோடாரி பிடிப்பது அவருடைய ஆட்கள்.

இப்போது தேதிக் கணக்கு. நவம்பர் 10 முதல் அடை என்றால் ஆறு வாரம் சேர்த்து டிசம்பர் 22 வாக்கில் பொரிக்கும். அதிலிருந்து 75 நாள் வைத்தால் மார்ச் 7. கணிப்பில் ஒரு வாரம் முன்பின் இருக்கும், பறந்த குஞ்சும் சில நாள் கூட்டுக்கே திரும்பி வந்து தங்கும். ஆகவே மார்ச் 31 வரை என்று கேளுங்கள். இப்போது பேசியிருக்கும் டிசம்பர் மூன்றாம் வாரம் சரியாகக் குஞ்சு பொரிக்கும் வாரம். இதைவிட மோசமான தேதி இந்தத் தோப்புக்குக் கிடையாது. அதைத் தோப்புக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள்.

மாவட்ட வன அலுவலருக்கோ வன உயிரினக் காப்பாளருக்கோ எழுத்தில் கொடுங்கள். ஒரே பக்கம் போதும்: சர்வே எண், மரத்தின் இருப்பிடம், தூரத்திலிருந்து எடுத்த இரண்டு படம், பறவை படுத்திருந்த தேதிகள், வெட்டுத் தேதி, கேட்கும் கால அவகாசம். நகல் வனச்சரக அலுவலகத்துக்கு. கையெழுத்தில் தோப்புக்காரர் பெயரும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அவர்மேல் புகார் என்ற தோற்றமே வராது.

சுள்ளி

"கூட்டை எடுத்துப் பக்கத்து மரத்தில் வைத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள், முன்கூட்டியே பதில்.

முடியாது. முதலில், சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அதைவிட, இந்தக் கூடு தூக்கி வைக்கும் பொருளே இல்லை. வருடா வருடம் அதே கூட்டில் மேலே மேலே அடுக்குவதால் பழைய கூட்டின் ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேலும் போகும். அடியில் இற்றுப்போன சுள்ளி, நடுவில் மண்ணும் எச்சமும் மீன் முள்ளும் இறுகிய அடை, மேலே மட்டும் புதுச் சுள்ளியும் பச்சை இலையும் புல்லும். கவட்டையின் மூன்று நான்கு கிளைகளைச் சுற்றிப் பின்னியிருக்கும். கிளையிலிருந்து பிரித்தால் கையிலேயே உதிரும். அடைகாக்கும் பறவை இடம் மாறிய முட்டைக்குத் திரும்பும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தோப்புக்காரருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு வெட்டினாலும் கூட்டு மரத்தை மட்டும் ஒற்றையாக விட்டுவிட்டு மற்றதை மொட்டையடித்தால் பயனில்லை. மணலில் சவுக்கின் வேர் ஆழம் போகாது. கூட்டத்துக்குள் வளர்ந்த மரம் காற்றைச் சேர்ந்தே தாங்கியது. சுற்றி வெட்டியதும் முழுக்காற்றும் அதன்மேல், உச்சியில் கூட்டின் பாரம் வேறு. முதல் புயலில் சாயும். சுற்றிலும் 25-30 மீட்டருக்கு மரங்களை நிறுத்துங்கள், அதுவும் கடல் பக்கம் கூடுதலாக. மூன்று முதல் ஐந்து வருடத்தில் கூழுக்கும் கம்புக்கும் வெட்டுகிற இளஞ்சவுக்கில் இந்தக் கூடு நிற்காது, அந்தப் பருமனுக்குக் கவட்டை கிடைக்காது. கிழக்குக் கரையில் பெரிய மரம் அரிதாகிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் சாய்த்த மரங்களுக்கு ஈடாக இன்னும் எத்தனையோ வளர வேண்டும். ஒரு நல்ல கவட்டை மரம் போனால் அந்த ஜோடிக்கு அடுத்தது பக்கத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

வெட்டு ஆட்கள் நாலைந்து நாள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். பட்டை உரிப்பு, அடுப்புப் புகை, லாரி என்று எல்லாம் ஓரிடத்தில் நடக்கும். ஏப்ரலில் வெட்டினாலும் அந்த இடத்தைத் தோப்பின் மறுமுனையில் வைக்கச் சொல்லுங்கள்.

வங்கக்கரை

இழைக்குச் சற்று விலகிய கேள்வி. குஞ்சு கீழே விழுந்தாலோ, தூண்டில் நரம்பில் பெரிய பறவை சிக்கினாலோ முதலில் என்ன செய்வது?

உகிர்

விலகல் இல்லை, இதே தோப்பில் பிப்ரவரியில் தேவைப்படலாம்.

முழு இறகு வந்த இளங்கழுகு தரையில் நின்றால், ரத்தமோ தொங்கும் இறக்கையோ இல்லையென்றால் தொடாதீர்கள். முதல் பறப்பில் தரையில் இறங்குவது சகஜம், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். நாயை விரட்டுங்கள், கூட்டம் சேரவிடாதீர்கள், வனச்சரகத்துக்குச் சொல்லுங்கள். தூவிக் குஞ்சு விழுந்திருந்தால் அது வேறு. நிழலில் அட்டைப்பெட்டியில் வைத்து உடனே வனத்துறை, கால்நடை மருத்துவர். திரும்ப மரத்தில் வைப்பதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய பறவையைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, காலுக்கு. பின்விரல் நகம் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வரும். கனத்த தோல் கையுறை, வெல்டிங்காரர் போடுவது போதும். பின்பக்கமாகப் போய்த் தடித்த போர்வையைத் தலையோடு மூடுங்கள், இருட்டானதும் பாதி அடங்கிவிடும். பிறகு இரண்டு காலையும் பாதத்துக்கு மேலே பிடித்து, நடுவே ஒரு விரல் வைத்துக்கொள்ளுங்கள், கால் ஒன்றோடொன்று நசுங்காது. இறக்கையை உடலோடு மடக்குங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிக் கட்டிக் கொண்டுவரப்படும் பறவை வழியிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

கம்பிக் கூண்டு வேண்டாம், இறகு ஒடியும். தொண்ணூறுக்கு அறுபது சென்டிமீட்டர் அளவில் அட்டைப்பெட்டி, கீழ்ப்பாதியில் காற்றுத் துளை, அடியில் பழைய துண்டு. இருட்டு, அமைதி, நிழல். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போகும். பாலோ இறைச்சியோ எதுவும் வேண்டாம்.

தூண்டில் முள் குத்தியிருந்தால் இழுக்காதீர்கள். நரம்பை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் முள் உள்ளே விழுங்கப்பட்டிருக்கிறது, அந்தத் தொங்கும் நுனிதான் மருத்துவருக்கு வழி. அதை முழுக்க வெட்டிவிட்டால் தேடுவது பெரும்பாடு. காலில் சுற்றிய தங்கூசி நரம்பை அறுத்தபின் வீக்கம் வடிந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்ற விரல் சில நாள் கழித்துத்தான் கறுக்கும். மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கழிமுகம்

படம் பற்றி ஒரு வார்த்தை. ஆதாரத்துக்கு 500 மீட்டரிலிருந்து எடுத்த மங்கலான படம் போதும், வனத்துறை அழகைப் பார்க்காது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலிருந்து வரும் எதையும் இது எதிரியாகவே பார்க்கும். கூட்டைவிட்டு எழும், சில நேரம் மோதி இறக்கையை முறித்துக்கொள்ளும். பறவைப் பதிவுத் தளங்களில் ஊர் அளவில் மட்டும் இடம் போடுங்கள், அதையும் குஞ்சு பறந்த பிறகு போடுவது நல்லது. இங்கேயும் ஊர்ப் பெயர் வேண்டாம்.

தெற்குவாடை (நவம்பர் 29)

மனு கொடுத்தாயிற்று, தோப்புக்காரரும் கையெழுத்திட்டார். வனவர் வந்து தூரத்திலிருந்தே பார்த்தார். கூட்டு மரம் உள்ள பாதியை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்க வியாபாரி சம்மதித்துவிட்டார். மறுபாதியை டிசம்பரிலேயே வெட்டலாமா? நடுவில் 600 மீட்டர் இருக்கிறது.

புன்னை_நிழல்

நல்ல செய்தி. மறுபாதியை வெட்டலாம், ஆனால் வனத்துறை எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். மூன்று நிபந்தனை கேளுங்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 10 வரை அங்கேயும் வேலை வேண்டாம், பொரிக்கும் வாரமும் பிஞ்சுக் குஞ்சுக் காலமும் அதற்குள் அடங்கும். லாரி போகும் பாதை கூட்டு மரத்துப் பக்கம் வராமல் இருக்கட்டும். வெட்டு தொடங்கும் முதல் நாள் காலை ஒருவர் ஸ்கோப்போடு இரண்டு மணி நேரம் கூட்டைப் பார்க்க வேண்டும். பறவை எழுந்து அரை மணிக்குள் திரும்பவில்லை என்றால் அன்றைய வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். இதை வியாபாரியிடம் இப்போதே பேசிவிடுங்கள், ஆட்கள் வந்து இறங்கிய பிறகு பேசினால் கூலிப் பிரச்சினையாகும்.

வங்கக்கரை

மொபைல் டவரில் கட்டியிருந்தால்? பராமரிப்பு ஆள் மாதாமாதம் ஏறுவாரே.

அலைவாய்க்கரை

அதே சட்டம், அதே கணக்கு. டவரில் கூடு இருக்கிறது என்று நிறுவனத்துக்கும் வன அலுவலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். வண்ணம் பூசுவது, ஆண்டெனா மாற்றுவது போன்ற தள்ளிப்போடக்கூடிய வேலைகளை ஜூலை முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூடு காலியாக இருக்கும் மாதங்கள் அவை. அவசரப் பழுது என்றால் வெயில் ஏறுவதற்கு முன் போய், ஒரே ஆள் ஏறி, முடித்ததும் உடனே இறங்கிவிட வேண்டும். கூட்டுக் குச்சி கேபிளில் சிக்கியிருந்தாலும் ஆளாகவே பிடுங்கிப் போடக் கூடாது, அனுமதி வந்த பிறகுதான்.